முலாம் சிலுவையில் நிற்காத பெயின்ட்

பளபளவென்று இருப்பதைக் கெடுத்துக் கருப்பாக்குவதுதான் என் பிழைப்பு. திருவொற்றியூரில் பெரிய சாலையை விட்டு உள்ளே போகிற ஒரு சந்தில் என் பட்டறை இருக்கிறது. பெரிய பைக் வைத்திருக்கிற பிள்ளைகள் கண்ணாடித் தண்டு, ஹேண்டில்பார், விளக்கு வளையம், கிராஷ் கார்டு என்று கழற்றிக்கொண்டு வந்து என் முன்னால் கொட்டுவார்கள். எல்லாம் குரோமியம் முலாம். முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அப்படி மின்னும். "யக்கா, இத்த மேட் பிளாக்கா பண்ணிக் குடு, சும்மா கெத்தா இருக்கணும்" என்பார்கள். இவர்களுடைய அப்பன்மார்கள் இதே பளபளப்புக்காக அலையாய் அலைந்தவர்கள். எனக்கு எதற்கு வம்பு என்று வாங்கி வைத்துக்கொள்வேன்.

முலாம் போட்ட இரும்பின் மேல் பெயின்ட் லேசில் நிற்காது. அது அவ்வளவு வழவழப்பு. பெயின்ட்டுக்குக் கால் ஊன்ற ஒரு சொரசொரப்பு வேண்டும். அதனால் முதலில் வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். காய்ந்ததும் தின்னரில் நனைத்த துணியால் ஒரு துடைப்பு, உடனே வேறு சுத்தமான துணியால் இன்னொரு துடைப்பு. ஒரே துணியால் துடைத்தால் இங்கே இருக்கிற எண்ணெயை எடுத்து அங்கே தடவின கதைதான். அப்புறம் வாட்டர் பேப்பர், தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள். தண்ணீர் விட்டு விட்டு, மினுமினுப்பு செத்துச் சாம்பல் நிறம் வரும்வரை தேய்க்க வேண்டும். ஏதாவது ஒரு வளைவில் நகக்கண் அளவு மின்னிக்கொண்டிருந்தாலும் நாளைக்கு அங்கேயிருந்துதான் உரிய ஆரம்பிக்கும். கடைசியாக ஒரு குவளை தண்ணீரை மேலே ஊற்றிப் பார்ப்பேன். தண்ணீர் ஒரே விரிப்பாகப் பரவினால் சுத்தமாகிவிட்டது. முத்து முத்தாக உருண்டால் இன்னும் பிசுக்கு இருக்கிறது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். இத்தனைக்கும் பிறகு பிரைமர், அதற்கும் பிறகு பெயின்ட்.

இதில் நான் கில்லாடி. சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. என் பட்டறையிலிருந்து போன சாமான் உரிந்துபோய்த் திரும்பி வந்ததாக யாரும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட என் கைக்கு அடங்காமல் ஒரே ஒரு பொருள் உரிந்துகொண்டே இருந்தது. அது என் வீட்டுக்காரரின் கல்லறையில் நிற்கிற சிலுவை.

அந்தச் சிலுவையும் முலாம் போட்டதுதான். முலாம் போட்டவரும் அவரேதான். என் பெயின்ட் கொட்டகைக்குப் பின்னால் அவருடைய நிக்கல் தொட்டி இருந்தது. நான் முன்னால் பெயின்ட் அடிப்பேன், அவர் பின்னால் முலாம் போடுவார். "என்னுது தோலு, உன்னுது பவுடரு. மூஞ்சி கயுவினா போயிடும்" என்று நாள் தவறாமல் என்னைச் சீண்டுவார். நான் விடுவேனா? "உன் தோலு உப்புக் காத்துல ஒரு வருசம் நிக்குமா பாரு" என்பேன். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் முலாம் நிற்பது கஷ்டம்தான். காற்றிலேயே உப்பு. முதலில் ஊசி முனை மாதிரி ஒரு புள்ளி வரும், அப்புறம் அதிலிருந்து துருத்தண்ணி வழியும். அதற்கு அவர் ஒரு கைவைத்தியம் வைத்திருந்தார். முலாம் போட்டுக் கொடுக்கிற ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு மெழுகுவர்த்தியையும் கொடுத்து அனுப்புவார். வாரத்துக்கு ஒருமுறை இதைத் தேய்த்துத் துணியால் துடை, உப்பு தின்னாது என்பார். கோயிலில் எரிந்து மிச்சமான துண்டுகளை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருப்பார். வாங்கிக்கொண்டு போனவர்களில் எத்தனை பேர் தேய்த்தார்கள் என்று தெரியாது. நான் தேய்த்ததில்லை.

ஒரு நாள் காலையில் மார்வலி என்று உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அடக்கத்துக்குச் சிலுவை வேண்டும் என்றபோது மாமியார்தான் பட்டறை மூலையைக் காட்டினார். யாரோ செய்யச் சொல்லிவிட்டு வாங்க வராமல் போன ஒரு பைப் சிலுவை, முலாம் போட்டு நியூஸ்பேப்பர் சுற்றியபடி அங்கே சாய்ந்திருந்தது. "எம்புள்ள கையால பண்ணது, இதான் அவனுக்கு" என்றார். பேப்பரைப் பிரித்ததும் வெயில் பட்டு எல்லார் கண்ணும் கூசியது. அதை அப்படியே நட்டோம். பேரை ரேடியம் ஸ்டிக்கரில் வெட்டி ஒட்டினோம்.

அதற்குப் பிறகு எனக்கும் மாமியாருக்கும் பேச்சு நின்றுபோனது. காரணம் அந்தத் தொட்டி. ஓட்ட ஆள் இல்லை, அனுமதியைப் புதுப்பிக்கவும் முடியாது, அமிலத்தை வைத்துக்கொண்டு வீட்டில் பெண் பிள்ளையோடு நான் என்ன செய்வது? ஆள் கூப்பிட்டுச் சுத்தம் செய்து தொட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்திலும் பெயின்ட் வேலையை ஆரம்பித்தேன். மாமியார் ராயபுரத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்து தெருவே பார்க்கக் கத்தினார். "எம்புள்ள கை வெச்ச தொட்டிய கடாசிட்டு அந்த எடத்துல நின்னுகினு பெயின்ட் அடிக்கிறியே, உனுக்கு கை கூசல?" எனக்கும் வாய் சும்மா இருக்காது. நானும் கத்தினேன். அதோடு சரி. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு அவர் காலைப் பூசைக்குப் பிறகு வந்து போவார், நான் வேண்டுமென்றே சாயங்காலம் போவேன்.

வெயிலில் ரேடியம் ஸ்டிக்கர் எத்தனை நாள் தாங்கும்? ஓரம் சுருண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கழன்று விழுந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர் என்னைக் கூப்பிட்டார். "யக்கா, பேரு இல்லாத சிலுவைய எல்லாம் பிடுங்கச் சொல்லிகினு கீறாங்க. பொதைக்க எடம் இல்ல. யாரும் வராத கல்லறைன்னு நெனச்சு வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. திருநாளுக்குள்ள பேர எயுதி வெச்சுடு" என்றார். நல்ல மனுஷர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்களுடையது பொதுக் குழி. கல் கட்டக் கூடாது, பலகை வைக்கக் கூடாது. ஒரு சிலுவை, அதில் ஒரு பேர், அவ்வளவுதான் அனுமதி. அந்தப் பேர் இல்லாவிட்டால் அவர் அங்கே படுத்திருப்பதற்கு அத்தாட்சியே இல்லை. முதலில் பயந்துதான் போனேன். அடுத்த நிமிடமே, சே, பெயின்ட்தானே, நமக்கா தெரியாது என்று தைரியம் வந்தது.

எங்கள் வழக்கப்படி திருநாளுக்கு முன்னால் எல்லாரும் சிலுவைக்கு வெள்ளை அடிப்பார்கள். நானும் முழுச் சிலுவைக்கும் வெள்ளை அடித்து நடுவில் கருப்பில் பேர் எழுதினேன். சிலுவையைப் பிடுங்கிப் பட்டறைக்குக் கொண்டுவர முடியாது. அது அங்கே இல்லாத நேரத்தில் இடம் போய்விட்டால் யாரிடம் கேட்பது? அதனால் தின்னர், வாட்டர் பேப்பர், பிரைமர் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போய் அங்கேயே உட்கார்ந்து வேலை செய்தேன். கொண்டுபோன தண்ணீர் தேய்க்கவே சரியாகிவிட்டது, ஊற்றிப் பார்க்கவில்லை; ஆனாலும் தேய்க்க வேண்டிய அளவுக்குத் தேய்த்தேன் என்றுதான் நினைத்தேன். கிறிஸ்துமஸ் முடிந்து போய்ப் பார்த்தால் பேர் இருந்த இடத்தில் பெயின்ட் வெயிலில் காய்ந்த அப்பளம் மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. விரல் பட்டதும் பாதிப் பேர் கையோடு வந்துவிட்டது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்துக் கல்லறைச் சிலுவையைப் பார்த்தேன். வீட்டுச் சுவருக்கு அடித்து மிச்சமானதை யாரோ துடைக்காமல் கொள்ளாமல் தூசி மேலேயே பூசிவிட்டுப் போயிருந்தார்கள். பிரஷ் மயிர்கூட அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அது கல்லு மாதிரி நின்றது. சாதா இரும்பு என்பதால் நிற்கிறது என்று என் மூளைக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

உரிந்த இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி அடித்தேன். மறுபடி உரிந்தது. அடித்த இடத்தோடு சேர்ந்து அக்கம்பக்கமும் உரிந்தது. ஒரு வேளை கடல் காற்றா என்று யோசித்தேன். கடல் காற்று எல்லாச் சிலுவைக்கும் பொதுதானே. எண்ணூர் அனல் மின் நிலையத்திலிருந்து பறந்து வருகிற சாம்பல் தூளா என்று யோசித்தேன். அது என் பட்டறையிலும்தான் வந்து படிகிறது. பிரைமர் பழசா என்று சந்தேகப்பட்டுப் புது டப்பா வாங்கினேன். அதே டப்பாவில் அடித்த ஹேண்டில்பார் மணலி புதுநகர் வரை தினமும் மழையிலும் வெயிலிலும் போய் வருகிறது, ஒரு கீறல் இல்லை. கடைசியில் என் கையையே சந்தேகப்பட்டேன். பட்டறையில் ஒரு சாமானை எடுத்துத் தேய்த்து, அடித்து, காய்ந்த பின் பிளேடால் கீறி, டேப் ஒட்டி இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. கை சரியாகத்தான் இருந்தது.

ஒரு நாள் சிலுவை முன்னால் உட்கார்ந்து அவரிடமே கேட்டுவிட்டேன். "இன்னாய்யா உனுக்கு இவ்ளோ பிடிவாதம்? தோலு ஒசத்தி, பவுடரு மட்டமா? நான் பண்றது உனுக்காகத்தானே? பேரு போச்சுன்னா உன்ன தூக்கிக் கடாசிட்டு வேற எவனையாவது படுக்க வெப்பான், அப்ப தெரியும்." பக்கத்தில் யாரோ ஒரு குடும்பம் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. அவர்கள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னால் அவள் சிரித்தாள். அப்புறம் அறைக்குள் போய் அழுதாள்.

அடுத்த வருடம் இன்னும் கவனமாகச் செய்தேன். எங்கே நிற்கிறது, எங்கே உரிகிறது என்று பார்த்தேன். சிலுவையின் அடிப் பக்கம் நான் அடித்த வெள்ளை ஜம்மென்று நின்றது. உட்கார்ந்தால் கை வந்து படுகிற உயரத்திலிருந்து மேலே மட்டும் உரிந்தது. இரண்டு கைகளும், நடுவும், பேர் எழுதுகிற இடமும். இது என்ன கணக்கு? ஒரே பைப், ஒரே முலாம், ஒரே நாளில் நான் அடித்த ஒரே பெயின்ட். பாதிக்கு என் மேல் கோபம், பாதிக்கு இல்லையா?

அந்த மழைக்காலத்தில்தான் ஒன்றைக் கவனித்தேன். தூறல் விட்டிருந்தது. பெயின்ட் உரிந்து முலாம் தெரிகிற இடத்தில் மழைத் தண்ணீர் சேப்பங்கிழங்கு இலையில் நிற்கிற மாதிரி முத்து முத்தாக நின்றது. எத்தனையோ சாமானில் இந்த முத்துக்களைப் பார்த்து முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். நகத்தால் சுரண்டினேன். நகக்கண்ணில் வெள்ளையாகப் பிசுக்கு ஏறியது. மோந்து பார்த்தேன். மெழுகு.

அப்பாடா என்று இருந்தது. கல்லறைத் தோட்டத்தில் மெழுகுக்கா பஞ்சம்? திருநாள் அன்று சிலுவையின் கைகள் மேலேயே மெழுகுவர்த்தியை ஒட்ட வைப்பது நம் ஆட்களின் பழக்கம். உருகி வழிந்திருக்கும். தின்னர் துணியால் நான் துடைத்ததில் போகாமல் எல்லா இடத்திலும் பரவியிருக்கும். மகளைக் கூப்பிட்டு, இனிமேல் வத்தியை மண்ணில்தான் ஊன்ற வேண்டும், சிலுவையில் ஒட்ட வைத்தால் கையை உடைப்பேன் என்று சொல்லி வைத்தேன். மாமியார் வீட்டுக்கும் மகள் மூலமாகச் சொல்லி அனுப்பினேன். சரியென்று பதில் வந்ததாம். சுத்தமாகக் கழுவிவிட்டதாக நினைத்து, மறுபடி அடித்து, மறுபடி பேர் எழுதினேன்.

மூன்று மாதம் தாங்கியிருக்கும். போய்ப் பார்த்தால் பேருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடம் உரிந்து முலாம் மின்னிக்கொண்டிருந்தது. அதன் மேல் தண்ணீர் ஊற்றினேன். முத்து முத்தாக உருண்டது. சிலுவை மேல் யாரும் வத்தி ஒட்டவில்லை. ஒரு சொட்டு வழிந்த தடமும் இல்லை. அப்படியானால் இது மேலிருந்து சொட்டிய மெழுகு இல்லை. யாரோ கையால் தேய்க்கிறார்கள்.

அன்றைக்கு முழுக்க எனக்கு இதே யோசனைதான். யார்? எதற்கு? பெயின்ட் நிற்கக் கூடாது என்று எவனாவது வேண்டுமென்றே செய்கிறானா? இடத்துக்கு ஆசைப்பட்ட வேறு குடும்பமா? கல்லறைத் தோட்டத்துக்காரரைக் கேட்டால், "எல்லாரும்தான் வர்றாங்க, வத்தி வெக்கிறாங்க, போறாங்க. நான் யாரன்னு பாக்குறது யக்கா?" என்றார். என் புத்தி போன போக்கைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அவருக்கு வேறு யாராவது பொம்பளை இருந்திருப்பாளோ என்றுகூடத் தோன்றியது. தொட்டியில் கையை விட்டுவிட்டு நேரம் கிடைத்தால் குறட்டை விடுகிற மனுஷனுக்கு எங்கே பொம்பளை? ஆனால் அந்த இடத்தைத் தேய்த்திருந்த விதம் அப்படி. ஆசையாக, வட்டம் வட்டமாக, துணியால் மெருகேற்றின மாதிரி இருந்தது. விரோதி இப்படித் தேய்க்க மாட்டான்.

இந்த வருடத் திருநாளுக்கு முன்னால் கல்லறைத் தோட்டத்துக்காரர் கடைசியாகச் சொல்லிவிட்டார். "யக்கா, தப்பா எடுத்துக்காத. திருநாள் முடிஞ்ச கையோட ஆள் வருது. பேரு இல்லாத சிலுவைய எல்லாம் எடுக்கப் போறாங்க. என் கையில ஒண்ணும் இல்ல." என் வீட்டுக்காரர் பேரில் அப்போது இரண்டு எழுத்துகள்தான் மிச்சம் இருந்தன. அதை மட்டும் படித்தால் அது யாருடைய பேரும் இல்லை.

இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் மத்தியானம் வெயில் வந்ததும் ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர், சோப்பு, வாட்டர் பேப்பர், பிரைமர், பெயின்ட், பேர் எழுதுகிற மெல்லிய பிரஷ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் நுழையும்போதே தூரத்தில் எங்கள் சிலுவைப் பக்கம் யாரோ உட்கார்ந்திருப்பது தெரிந்தது. சேற்றைப் பற்றிக் கவலைப்படாமல் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு கையால் சிலுவையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தேய்த்துக்கொண்டிருந்தது அந்த உருவம். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. இன்றைக்கு நானா அவளா பார்த்துவிடுவது என்று வேகமாக நடந்தேன்.

கிட்டே போனால் என் மாமியார். கையில் ஒரு துண்டு மெழுகுவர்த்தி. தேய்ப்பதும் முந்தானையால் துடைப்பதுமாக இருந்தார். நடுநடுவே மகனிடம் பேசிக்கொண்டிருந்தார். "வஞ்சர மீனு வர்றதே இல்ல நைனா. உன் தம்பி சும்மா சங்கராவ வாங்கியாந்து குடுக்குறான். எனுக்கு கண்ணு தெர்ல, முள்ளு தெர்ல."

"இன்னாத்த பண்ற?" என்றேன்.

அவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். என்னைப் பார்க்காமல் எனக்குப் பக்கத்தில் பார்த்தார். "யாரு? நீயா?" என்றார். "வா, குந்து" என்றார், நேற்றுத்தான் பேசிவிட்டுப் போன மாதிரி.

நான் உட்காரவில்லை. "மெயுகு எதுக்கு பூசிகினு கீற?"

"உப்புக் காத்து தின்னாதும்மே. அவன்தானே சொல்வான், மறந்துட்டியா? நட்ட நாள்லேர்ந்து பூசறேன். நடுவுல கொஞ்ச நாளு தவிர ஒரு செவ்வாக்கெயம விட்டதில்ல. உன் கொயுந்தன் ஆட்டோல ஏத்தி அனுப்புவான், வாசல்ல எறங்கி நானா நடந்து வந்துடுவேன். வத்தி ஒட்டாதன்னு சொல்லி அனுப்புன. நான் ஒட்டலியே? கீழதான் வெச்சேன்." அவர் காட்டிய இடத்தில் மண்ணில் ஊன்றிய வத்தி ஈரத்தில் அணைந்திருந்தது.

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. சொன்ன சொல்லை மீறாமல்தான் அவர் எல்லாவற்றையும் கெடுத்திருக்கிறார். "அதாலதான் பெயின்ட் நிக்கல அத்த" என்று கத்தினேன். என்னை அறியாமலே அத்தை என்று வந்துவிட்டது. "மெயுகு மேல எந்த பெயின்ட்டும் நிக்காது. பெயின்ட் போனா பேரு போவும். பேரு போனா சிலுவைய பிடுங்கிட்டு வேற ஆளப் பொதைப்பாங்க. திருநாள் முடிஞ்சதும் ஆள் வருது. உனுக்கு யாரும் சொல்லலியா?"

அவர் கை நின்றது. "பேரா?" என்றார். "எனுக்கு எயுத்து தெரியாதும்மே. அதுல பேரு எயுதி இருந்துச்சா?"

நான் பேர் எழுதுவதற்காக மூன்று வருடமாக மல்லுக்கு நிற்கிறேன். அதில் பேர் இருந்ததே அவருக்குத் தெரியாது. பையைக் கீழே வைத்துவிட்டுச் சேற்றிலேயே உட்கார்ந்தேன்.

"நீ கோச்சுக்காத" என்றார். "வெள்ள அடிச்சது நீதான்னு தெரியும். எனுக்கு கண்ணுல பொரை. டாக்டரு ஆப்ரேசன் பண்ணணும்னான், சர்க்கரை கீது, பண்ண முடியாதுன்னான். ஆளு மூஞ்சி தெர்ல, வெளிச்சம் மட்டும்தான் தெரியுது. இந்த சிலுவ வெயில்ல பளிச் பளிச்னு அடிக்கும். அத்த வெச்சுத்தான் இங்க வருவேன். நீ வெள்ள அடிச்ச அப்பால வந்து பாக்குறேன், எல்லாம் ஒண்ணா கீது. எம்புள்ளய காணம். குத்துமதிப்பா ஒரு எடத்துல குந்திகினு அயுதேன். வத்தி கொளுத்துனேன், வூட்டுக் கத எல்லாம் சொன்னேன். அப்பால ஒரு பொண்ணு வந்து, 'ஆயா, இது எங்க தாத்தா, நீ யாரு'ன்னு கேட்டுச்சு."

அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

"அப்பால கொஞ்ச நாளு வரவே இல்ல" என்றார். "வந்தாலும் எங்கன்னு தேடுறது? அப்புறம் ஒரு நாளு வாசல்ல எறங்குறேன், இங்க ரூவாக் காசு அளவுக்கு ஒண்ணு பளிச்னுச்சு. அவன்தான் கூப்புடறான்னு நெனச்சேன். ஓடியாந்து தொட்டா அவன் போட்ட பாலிசு. அதுலேர்ந்து அந்த எடம் கருத்துப் போவக் கூடாதுன்னு இத்த தேய்க்கிறேன். மூடிடப் போவுதேன்னு ஓரத்துல நவத்தால கொஞ்சம் சொரண்டியும் வுடுவேன். உன் வேலைய கெடுக்கணும்னு பண்ணல."

ஃபிளாஸ்கைத் திறந்து வெந்நீரை ஊற்றி, சோப்புப் போட்டு, தொங்கிக்கொண்டிருந்த பெயின்ட்டை உரித்து, மெழுகைக் கழுவினேன். நட்ட நாளிலிருந்து ஏறின மெழுகு. துணி மாற்றி மாற்றித் துடைத்தேன். இத்தனை வருடமும் நான் இங்கே தேய்த்ததாக நினைத்ததெல்லாம் மெழுகைத்தான் தேய்த்திருக்கிறேன். பேப்பர் முலாமைத் தொடவே இல்லை. அடியில் என் வீட்டுக்காரருடைய வேலை அப்படியே இருந்தது. இத்தனை வருடக் கடல் காற்றில் ஒரு புள்ளி துரு இல்லை. இந்தக் கல்லறைத் தோட்டத்தில் எத்தனையோ பேர் அவரிடம் முலாம் போட்டு வாங்கி நட்டிருக்கிறார்கள். எல்லாம் துருத்தண்ணி வழிந்து நிற்கிறது. அவர் சொன்னதைச் செய்தது அத்தை ஒருத்திதான். சிலுவையின் நடுவில் என் முகம் தெரிந்தது. எனக்குப் பின்னால் வெயில். மாமியார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "ஆங், தெரியுது" என்றார்.

தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரே விரிப்பாகப் பரவியது. இனி தேய்க்க வேண்டியதுதான். வாட்டர் பேப்பரைக் கையில் எடுத்தேன். எத்தனை ஆயிரம் சாமானைத் தேய்த்த கை, சிலுவைக்குக் கிட்டே போய் நின்றுவிட்டது. தேய்த்தால் இவர் பிள்ளை தொலைந்து போவான். தேய்க்காவிட்டால் என் புருஷனுக்கு இடம் போய்விடும். பேப்பரை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா சத்தத்த காணம்?" என்றார்.

"பேரு எயுதணும்னா பாலிச தேய்ச்சுக் கெடுக்கணும் அத்த. கெடுத்தாத்தான் பெயின்ட் நிக்கும்."

"அப்பால அது திரும்ப வராதா?"

"வராது. போடறவருதான் இல்லியே."

அவர் கையை நீட்டிச் சிலுவையைத் தடவினார். ஒரு கை முழுக்க, நடு, மறு கை முழுக்க. அப்புறம் என் பக்கம் திரும்பிக் கேட்டார். "அவன் பேருக்கு எவ்ளோ எடம் ஓணும்?"

நான் அவர் கையைப் பிடித்து, கட்டைவிரலை ஒரு பக்கமும் சுண்டுவிரலை இன்னொரு பக்கமும் நடுவில் வைத்துக் காட்டினேன். ஒரு சாண்கூட இல்லை.

"இவ்ளோதானா?" என்றார். "மீதிய எனுக்கு வுட்டுடுவியா?"

"வுட்டுடறேன். மெயுகு மட்டும் இந்த எடத்துக்குக் கிட்ட கொண்டாராத."

"கொண்டார மாட்டேன்" என்றவர் என் கையைத் துழாவி வாட்டர் பேப்பரைப் பிடுங்கிக்கொண்டார். "குடு. நான் பண்றேன். எங்கன்னு மட்டும் கைய வெச்சுக் காட்டு." நான் அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். அவர் தேய்க்க ஆரம்பித்தார். முதல் இழுப்பிலேயே அந்தப் பளபளப்பில் கீறல் விழுந்தது. "கொஞ்சம் பொறுத்துக்கோ நைனா, ஆச்சு, ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே தேய்த்தார். வாட்டர் பேப்பர் காயக் கூடாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.